எல்லோருக்குமான அறிவியலை மறுபடி தொடங்க: தாளா, குரலா, காணொலியா, களமா?

2016ஆம் ஆண்டு தொடங்கி 2020 மார்ச் மாதம் வரை, காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை சுற்றுவட்டாரத்தில், நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு முறை நான்கு பக்க அறிவியல் தாள் ஒன்றை அச்சிட்டு விலையில்லாமல் கொடுத்து வந்தோம். பால் சொசைட்டித் திண்ணை, பேருந்து நிறுத்தத்து டீக்கடை, கிளை நூலகம், முடிதிருத்தும் கடை என்று, ஆட்கள் சற்று நேரம் காத்திருக்கும் இடங்களாகப் பார்த்து வைப்போம். பொதுமுடக்கம் வந்தபோது அச்சகம் மூடியது, பேருந்து நின்றது, தாளும் நின்றது. முடக்கம் நீங்கிய பிறகு இருவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். மற்றவர்களுக்கு வீட்டுச் சுமை கூடிவிட்டது. இப்போது ஆறு பேர் மறுபடி கூடியிருக்கிறோம். தொடங்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. எந்த வழியில் தொடங்குவது என்பதில்தான் மூன்று முறை உட்கார்ந்து பேசியும் முடிவு எட்டவில்லை. பழையபடி தாள் என்கிறார் ஒருவர். வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பலாம் என்கிறார் இன்னொருவர். இளையவர்கள் இருவர் காணொலி என்கிறார்கள். ஆசிரியராக இருக்கும் நண்பர் பள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார். மாலை வேளையில் ஊருக்குள் ஒரு களத்தில் கூடி, சோதனை செய்து பார்த்துப் பேசலாம் என்பது நான் சொன்ன வழி. இவற்றை ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டுப் பார்த்ததையே இங்கே எழுதுகிறேன். என் விருப்பம் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. அந்த விருப்பத்துக்கு எதிராக நிற்கும் காரணங்களையும் குறைக்காமல் சொல்கிறேன்.

எடைபோடுவதற்கு முன், எந்தப் படிக்கல்லை வைத்து எடைபோடுவது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பதே எங்கள் பழைய படிக்கல். அது போதாது என்று எனக்குத் தோன்றியது ஒரு கிரகணத்துக்குப் பிறகுதான்.

2019 டிசம்பர் 26ஆம் தேதி காலை நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதை நீலகிரி, கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல் வழியாகச் சென்றது. எங்கள் பகுதி ஏறத்தாழ அந்தப் பாதையின் நடுவிலேயே இருந்தது. ஒன்பதரை மணியளவில் சுமார் மூன்று நிமிடம் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. தென்னங்கீற்றுப் பந்தலின் சிறு இடுக்குகள் வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள்கூடத் தரையில் வளையம் வளையமாகத் தெரிந்தன. அந்த மாதத் தாளை முழுக்கக் கிரகணத்துக்கே ஒதுக்கியிருந்தோம். நிலவு பூமியிலிருந்து தொலைவாக இருக்கும் வேளையில் குறுக்கே வந்தால் சூரியனை முழுதாக மறைக்க இயலாமல் விளிம்பு வளையமாக எஞ்சும் என்பதையும், வெறுங்கண்ணால் ஏன் பார்க்கக் கூடாது என்பதையும் படத்துடன் விளக்கியிருந்தோம். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி, உலக்கையைப் பற்றியும் எழுதினோம். தாம்பாளத்தில் நீர் விட்டு உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தினால் கிரகணம் பிடித்திருக்கும் வரை அது நிற்கும், விட்டதும் தானே சாயும் என்பது நம் பக்கத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. அடிப்பாகம் தட்டையாக உள்ள உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்று நாங்கள் எழுதியிருந்தோம்.

அன்று காலை தெருவில் பெரும்பாலான கதவுகள் சாத்தியே இருந்தன. எங்கள் தாள் போய்ச் சேர்ந்த வீடுகளிலும், சேராத வீடுகளிலும், ஒரே மாதிரி வாசலில் தாம்பாளமும் உலக்கையும் இருந்தன. பொங்கலுக்குச் சில நாள் முன்பு அடுத்த இதழைக் கொடுக்கப் போயிருந்தபோது, எழுபது வயதைக் கடந்த ஒரு ஆத்தா என்னை நிறுத்தி, “நீங்க எழுதுனது நெசந்தானுங்களா சாமி? எங்க, இப்ப நிறுத்துங்க பாக்கலாம்” என்றார். நான் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு முறையும் சாய்ந்தது. அவர் உலக்கையை என் கையிலிருந்து வாங்கி, பூண் தேய்ந்து சமமாக இருந்த முனை கீழே வரும்படி திருப்பி, இரு கைகளாலும் மெல்லப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு விட்டார். நின்றது. வானத்தில் கிரகணம் எதுவும் இல்லை. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், தாம்பாளத்து நீரைக் கொட்டிவிட்டு வெறும் தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தார், நின்றது. அடுத்த வீட்டு உலக்கையைக் கொண்டுவரச் சொன்னார். அதன் அடி உருண்டையாகத் தேய்ந்திருந்தது; எத்தனை முறை முயன்றும் நிற்கவில்லை. “அப்ப எல்லாம் அடி மட்டத்துலதான் இருக்குதுங்க” என்று அவரே முடித்தார். எடை இறங்கும் கோடு அடிப்பரப்புக்குள் விழும்வரை ஒரு பொருள் சாயாது என்று நாங்கள் எழுதியிருந்த வரியைத்தான் அவர் தம் சொல்லில் சொன்னார். ஆனால் எங்கள் வரியைப் படித்து அவர் அங்கே வரவில்லை. கிரகணம் இல்லாமல், நீர் இல்லாமல், வேறு உலக்கையோடு என்று மூன்று முறை சோதனையை மாற்றிப் பார்த்து வந்தார். அந்த மூன்று மாற்றங்களில் ஒன்றையாவது செய்து பாருங்கள் என்று நாங்கள் தாளில் கேட்டிருக்கவே இல்லை.

அன்றுமுதல் என் படிக்கல் இது: சொல்லப்பட்டதை, கேட்பவர் தம் கையால் மாற்றி வைத்துப் பார்க்க இடம் இருக்கிறதா, அப்படிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறதா என்பது. எத்தனை பேர், என்ன செலவு, எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பவை அதற்கு அடுத்தவை.

தாளிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதைத்தான் எங்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் அறிவியலை அச்சில் கொண்டுவருவதில் கொங்கு நாட்டுக்கு ஒரு நல்ல மரபு உண்டு. ஜி. ஆர். தாமோதரன் கோவையிலிருந்து நடத்திய ‘கலைக்கதிர்’, அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் தமிழிலேயே சொல்ல முடியும் என்பதைப் பல ஆண்டுகள் மாதந்தோறும் காட்டியது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சிறுவர்களுக்காக வெளியிட்டுவரும் ‘துளிர்’ இன்றும் வாசிக்கப்படுகிறது. அச்சிட்ட தாளுக்கு உள்ள பெரிய பலம், அது இருந்த இடத்தில் இருக்கும் என்பதே. குடிநீரில் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது எல்லோரும் டி.டி.எஸ். என்று சொல்வது, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஃபுளோரைடுக்கு அதே வகையில் 1 மில்லிகிராமும் 1.5 மில்லிகிராமும். இந்த எண்களைக் காதால் கேட்டு யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவற்றைத் தாங்கிய எங்கள் தாள் ஒன்று, ஒரு மோட்டார் அறையின் உள்சுவரில் ஒட்டியபடி, பழுப்பேறி, இன்றும் இருப்பதைப் போன மாதம் பார்த்தேன். ஆழ்குழாய்க் கிணறு ஓட்டுகிற இடத்துத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, வந்த எண்ணை அந்தச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தவறு நேர்ந்தால் அடுத்த மாதம் திருத்தம் போடலாம் என்பதும் தாளுக்கு உள்ள நேர்மையான வசதி.

குறைகளும் அதே அளவுக்கு உண்டு. நடுத்தர வயதைக் கடந்த பெண்களில் பலர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். நாங்கள் இடம் மிச்சம் பிடிக்க எழுத்தைச் சிறிதாக்கியது அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதற்குச் சமம். தாள் விலை, அச்சுக்கூலி இரண்டும் ஏறிவிட்டன. ஆனால் இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது வேறொன்று. நான்கு ஆண்டுகள் எங்கள் தாள் பால் சொசைட்டித் திண்ணையில் கிடந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் பாலைப் பற்றி நாங்கள் ஒரு வரி எழுதவில்லை. செவ்வாய்க் கோளைப் பற்றி எழுதினோம், கருந்துளையைப் பற்றி எழுதினோம். அவை எழுதத்தக்கவைதான். ஆனால் தூக்குப் போசியோடு வரிசையில் நிற்கிறவர்கள் தினமும் இரு வேளை தங்கள் கண்ணெதிரே ஒரு அளவுக் கருவி பாலில் மிதப்பதைப் பார்க்கிறார்கள், அதன் கணக்கில்தான் அவர்களுக்குப் பணம் வருகிறது, அதைப் பற்றி அவர்களுக்குக் கேள்விகள் இருக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. எழுதுகிறவர் பொருளைத் தேர்ந்தெடுத்து ஒரு பக்கமாகவே அனுப்பிக்கொண்டிருந்தால், வாசிக்கிறவரின் கேள்வி எந்த நாளும் தெரியவராது.

தாள் நின்ற பிறகு ஒரு மாலை சும்மா அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரியவந்தது. “சாயங்காலப் பாலுக்கு ஃபேட் சாஸ்தி வருது, காத்தால கொறையுது. ஒரே மாடு, ஒரே தீவனம். அதெப்படீங்க?” என்று ஒரு அம்மா கேட்டார். கருவியில் ஏதோ சூது இருக்கிறது என்பது அவர் ஐயம். காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடையே உள்ள நேரம் குறைவு, மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையே உள்ள நேரம் கூடுதல்; இடைவெளி குறைந்தால் பாலின் அளவு குறைந்து கொழுப்பு விகிதம் பொதுவாக உயரும் என்று நான் சொன்னேன். அருகிலிருந்தவர் உடனே, அப்படியானால் பன்னிரண்டு மணி நேரம் சரியாக இடைவெளி விட்டுக் கறந்தால் இரண்டு வேளையும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டுமே என்றார். சமமாகத்தான் நெருங்கும் என்றேன். பிறகு அவர் பத்து நாள் அப்படியே கறந்து பார்த்துச் சீட்டுகளை வைத்திருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் லாக்டோமீட்டரைப் பற்றிக் கேட்டார். அது பாலின் அடர்த்தியைப் பார்க்கிறது. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். ஆடையையும் எடுத்து, அளவாகத் தண்ணீரையும் சேர்த்தால் லாக்டோமீட்டர் ஒன்றும் நடக்காததுபோல் பழைய எண்ணையே காட்டும். அதனால்தான் கொழுப்பைத் தனியாக அளக்க வேண்டியிருக்கிறது. கறந்த சூட்டோடு அளந்தால் எண் குறைந்து தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பதினைந்து நிமிடப் பேச்சு. நான்கு ஆண்டுத் தாள் அந்தத் திண்ணையில் இதைச் செய்யவில்லை.

குரல்பதிவுக்கு வருகிறேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. செலவும் ஏறக்குறைய இல்லை. நம் பேச்சுவழக்கிலேயே, ‘ங்க’ போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல் சொல்லலாம். கதையாகச் சொல்லத்தக்கவை குரலில் நன்றாக ஏறும். வயலில் நட்ட கரும்பு இனத்தின் பெயரில் ‘கோ’ என்று முன்னால் வருகிறதே, அது கோயம்புத்தூரைக் குறிக்கிறது; 1912இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், சாகுபடிக் கரும்பையும் தானாய் வளரும் காட்டுக் கரும்பையும் இனக்கலப்புச் செய்து உருவாக்கிய கோ 205, 1918இல் வட இந்தியச் சாகுபடிக்குப் போனது; அதே நிலையத்தில் பின்னாளில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பு வெட்டும் இடத்தில் இளைப்பாறுகிறவர்கள் கேட்க இது தக்க கதை.

ஆனால் குரல் எதையும் காட்டாது. மஞ்சள் தூள் தடவிய தாளில் சோப்பு நீர் பட்டால் செங்காவி நிறமாகும், எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாகத் திரும்பும் என்று சொல்லலாம். அதைச் செய்து பார்ப்பாரா என்பது கேட்பவர் பாடு. விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது என்பதால், எங்கள் பகுதியின் பெரிய தொழிலாளர் கூட்டம் ஒன்று வேலை நேரத்தில் இதற்கு வெளியே நிற்கும். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, அனுப்பிய குரலைத் திரும்ப வாங்க முடியாது என்பது. தேதியும் பெயரும் உதிர்ந்து, ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவி, பாதி வெட்டப்பட்டு, நாம் சொன்ன எச்சரிக்கை இல்லாமல் நாம் சொன்ன வழிமுறை மட்டும் ஊர் சுற்றும். மருத்துவம் சார்ந்த எதையும் இந்த வழியில் அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காணொலியை எங்கள் இளையவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சில விஷயங்களை வேறு எந்த வழியிலும் ஊருக்குக் கொண்டுவர முடியாது. உதகைக்கு அருகே முத்தோரையில் 1970இல் அமைந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. ஏறத்தாழ அதே சாய்வுள்ள மலைச்சரிவாகத் தேடி வடக்கு தெற்காகக் கட்டியதால், அதன் நீண்ட அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே திசையில் மெல்லச் சுழற்றினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இதை எழுத்தில் விளக்கிப் படிப்பவர் மனத்தில் நிறுத்துவது கடினம். மலைச்சரிவைப் படம்பிடித்துக் காட்டினால் ஒரு நிமிடம் போதும். ஆயினும் ஒரு காணொலியைத் திருத்தமாக எடுத்து முடிக்க ஆறு பேரின் பல நாள் மாலைகள் போய்விடும். அது போய்ச் சேர்வது நம் சுற்றுவட்டாரத்துக்கா, எங்கோ இருக்கும் தமிழருக்கா என்பது நம் கையில் இல்லை. எங்கோ இருப்பவருக்குப் பயன்பட்டால் அதுவும் நல்லதே. ஆனால் நாம் எண்ணித் தொடங்குவது அதுவல்ல. தவிர, காணொலியில் சோதனை எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். அந்த ஆத்தா திரைக்குள் கையை விட்டு உலக்கையைத் திருப்பி வைத்திருக்க முடியாது.

பள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளும் யோசனையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு போன்ற ஏற்பாடுகள் அங்கே இருக்கின்றன, ஆர்வமுள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளியை விட்டு வந்து முப்பது ஆண்டு ஆனவருக்குத்தான் யாரும் இல்லை.

இனி நான் முன்வைத்த களக்கூட்டம். அதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: கண்ணெதிரே செய்து காட்டுவது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. வீட்டுக்கு வந்து நீர் சுத்திகரிப்புக் கருவி விற்கிறவர்கள் செய்யும் சோதனையைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு டம்ளரில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கருவியின் தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சில நிமிடத்தில் நம் தண்ணீர் செம்பழுப்பாகி, சேறுபோல் கலங்கிவிடும். அவர்கள் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். இவ்வளவு அழுக்கையா குடித்தோம் என்று பார்த்தவர் பதறிப்போவார். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் தாயார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. உண்மையில் அந்தச் சேறு தண்ணீரிலிருந்து வருவதன்று. கம்பியில் உள்ள இரும்புதான் கரைந்து துருவாகிறது. தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். உப்புகளை நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, எனவே இரும்பும் கரையாது. நல்ல குடிநீரும் அந்தக் கம்பிகளால் கலங்கித்தான் ஆகும்.

இதை முன்பு ஒரு கூட்டத்தில் நாங்கள் செய்து பார்த்தோம். விற்பனையாளர் காட்டும் அதே சோதனையைச் செய்துவிட்டு, அடுத்து என்ன செய்து பார்க்கலாம் என்று கூடியிருந்தவர்களைக் கேட்டோம். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மோட்டார் காயில் கட்டும் ஒருவர் எழுந்து, “அந்தத் தெளிஞ்ச தண்ணியில ஒரு கல்லு உப்பப் போட்டு ஓட்டுங்க” என்றார். போட்டோம். சுத்திகரித்த தண்ணீரும் பழுப்பேறியது. கூட்டத்தில் எழுந்த அந்தச் சலசலப்பை நான் மறக்க மாட்டேன். பார்வையாளராக இருந்தவரை ஏமாந்தவர்கள், சோதனையில் கை வைத்ததும் ஏமாற்றத்தின் ஆணிவேரைப் பிடுங்கிவிட்டார்கள். ஆகவே களத்தின் பெருமை காட்டுவதில் இல்லை. மாற்றிப் பார்க்கச் சொல்வதில்தான் இருக்கிறது. மாற்றிப் பார்க்க இடம் தராத கூட்டம் விற்பனைக் கூட்டத்திலிருந்து வேறுபடாது. இந்த எச்சரிக்கை எங்களுக்கும் சேர்த்துத்தான்.

கொங்கு நாட்டில் இதற்கு ஏற்ற கைகள் நிறைய இருக்கின்றன. கலங்கலில் 1893இல் பிறந்து, மோட்டாரையும் கருவிகளையும் பிரித்துச் சேர்த்தே கற்றுக்கொண்ட ஜி. டி. நாயுடுவை ஊர் இன்றும் பெருமையோடு சொல்கிறது. அவர் ஒருவர் அல்லர். பம்பு செட்டைப் பிரிக்கத் தெரிந்தவர், தறியின் ஓசையை வைத்தே பழுதைச் சொல்பவர், லேத்தில் நூலளவு பிசகாமல் கடைபவர் எல்லா ஊரிலும் உண்டு. அறிவியல் என்ற சொல் அவர்களை விலக்கி வைத்திருக்கிறதே தவிர, அந்த வேலை அவர்களுக்குப் புதிதன்று. செலவும் பெரிதில்லை. தாளால் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கும்; கிணற்று நீரில் ஒரு துளியையும், மாட்டுத் தொட்டிப் பாசியையும் வரிசையாக எல்லோரும் பார்த்துவிடலாம்.

எதிராக உள்ளவை இவை. ஒரு கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தால் அதிகம். மாதம் ஒரு ஊர் என்று வைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஊர்தான் ஆகும். ஆயிரம் தாள் அச்சடித்தவர்களுக்கு இது மிகச் சிறிய எண். பேசுகிறவர் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கூட்டமே நின்றுபோகும். மில்லில் இரவு ஷிப்ட் போகிறவர்கள் வர முடியாது. திருப்பூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் ஒடிய, இந்தி மொழிக்காரர்களைத் தமிழில் நடக்கும் எதுவும் சென்றடையாது. இப்போதைக்கு எங்களிடம் அதற்கு விடை இல்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, எந்த இடத்தில் கூடுவது என்பது. கோயில் முன்களம் விசாலமானது, விளக்கு உண்டு, உட்கார மேடை உண்டு. ஆனால் அங்கே கூட்டம் என்றால் ஊர்க்காரர் வருவார்கள், வளவிலிருந்து, அதாவது ஊரைவிட்டு ஒதுக்கி வைக்கப்பட்ட தலித் குடியிருப்பிலிருந்து, பலர் வரத் தயங்குவார்கள். வந்தாலும் ஓரத்தில் நிற்பார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லோருக்குமான அறிவியல் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக் காணாததுபோல் இருக்க முடியாது. பால் சொசைட்டி வாசல், ரேஷன் கடை மைதானம், பள்ளி விளையாட்டுத் திடல் என்று எவர் காலும் தயங்காமல் மிதிக்கும் இடத்தில்தான் கூட வேண்டும் என்பதை எங்கள் முதல் விதியாக வைத்திருக்கிறேன். மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நாற்பது பேர் என்ற எண்ணைப் பற்றி நண்பர்கள் இருமுறை மறுத்துப் பேசினார்கள். அச்சடித்த ஆயிரம் தாளில் படிக்கப்பட்டவை எத்தனை, படித்தவர்களில் ஒன்றை முயன்று பார்த்தவர் எத்தனை என்று நானும் கேட்டேன். எங்களிடம் கணக்கு இல்லை. ஆனால் நான்கு ஆண்டுகளில் எங்கள் முகவரிக்கு வந்த கடிதங்கள் மிகச் சில. அதே நேரம் தாளை அறவே விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. மோட்டார் அறைச் சுவரில் ஒட்டிய அந்தத் தாள் செய்த வேலையை எந்தக் கூட்டமும் செய்யாது; கூட்டத்தில் கேட்ட எண்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துபோகும்.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு, வரிசையை மாற்றுவது. முன்பு தாள் முதலில் வந்தது, கேள்வி வந்தால் வரட்டும் என்று இருந்தோம். இனிக் கூட்டம் முதலில். அங்கே எழும் கேள்விகளிலிருந்து, அந்த ஊரில் செய்து பார்த்த மாற்றங்களையும் சேர்த்து, பெரிய எழுத்தில் இரண்டே பக்கத் தாள். செய்து பார்த்தவரின் சொல்லை அவர் சொன்னபடியே போட வேண்டும். நாங்கள் முன்னர் சொன்னதில் பிழை இருந்தால் அது முதல் பக்கத்தில் வர வேண்டும். தாள் அடுத்த ஊர்க் கூட்டத்தில் கொடுக்கப்படும். அப்படிக் கொடுக்கும்போது, முந்தைய ஊரார் செய்ததை இந்த ஊரார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குரல்பதிவைக் கூட்ட அறிவிப்புக்கும், பதில் சொல்லாமல் விட்டுப்போன ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்ற அளவுக்கும் வைத்துக்கொள்ளலாம். காணொலியை இரண்டு இளையவர்களும் ஆண்டுக்கு ஒன்று எடுக்கட்டும், முத்தோரையிலிருந்து தொடங்கலாம். ஆறு பேரில் நால்வர் இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் நண்பர் தம் பள்ளித் திடலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தாளே போதும் என்ற நண்பர் இன்னும் ஒப்பவில்லை. ஓராண்டு பார்த்துவிட்டுப் பேசலாம் என்கிறார், அது நியாயமான நிபந்தனை.

இந்தப் புதிய ஏற்பாட்டின் முதல் கூட்டம் மட்டும் மாலையில் இல்லை. காங்கயம் வடக்கு அட்சரேகை 11 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் 18, 19 தேதிகளை ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நட்ட கம்பத்துக்கு அப்போது நிழல் இருக்காது. அது கடிகாரத்தில் 12 மணிக்கு நிகழ்வதும் இல்லை. இந்திய நேரம் கணக்கிடப்படும் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு நாம் ஏறத்தாழ 5 டிகிரி மேற்கே இருக்கிறோம், டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம் பிந்துவதால் 12.20ஐ ஒட்டித்தான் நிழல் மறையும். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வேப்பமரத்தடியில் சோற்றுப் போசியைத் திறக்கும் நேரம் அது. பள்ளித் திடலில் நடுவதற்கு ஒரு நீர்க்குழாய்த் துண்டும், அது செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரிடமிருந்து ஒரு தூக்குக்குண்டும் கேட்டு வைத்திருக்கிறோம். உலக்கையைக் கொண்டுவருவதாக அந்த ஆத்தா சொல்லியிருக்கிறார். குழாய்க்குப் பக்கத்தில் அதையும் நிறுத்தி, இரண்டின் நிழலும் ஒரே நேரத்தில் மறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.